மனசாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், எது சரி எது தப்பு என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், மனசாட்சி சொல்கிறபடி நடந்தால் போதும், உள்ளுணர்வு ஒருநாளும் ஏமாற்றாது என்று எழுதி, கடைசியில் 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்ற குறளையும் போட்டிருந்தார். நல்ல மனசோடு எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

நான் வீரவநல்லூர்க்காரன். 31 வருடம் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சிக் கூண்டில் நின்று ஆட்கள் சொல்வதை நீதிபதி எடுத்துச் சொல்லச் சொல்ல மெஷினில் அடிப்பதுதான் வேலை. எத்தனை ஆயிரம் பேர் சொன்னதை அடித்திருப்பேன் என்று கணக்கு இல்லை. அதனால் 'மனசாட்சி' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதில் இருக்கிற 'சாட்சி'தான். நம் ஆட்கள் அதற்கு மனநீதிபதி என்று பேர் வைக்கவில்லை. சாட்சி என்றுதான் வைத்திருக்கிறார்கள். சாட்சி தான் பார்த்ததைச் சொல்லும். தீர்ப்பு எழுதுவது அதன் வேலை இல்லை. அதைவிட முக்கியமாக, நிஜமான, நேர்மையான, ஒரு பைசா வாங்காத சாட்சிகூடத் தப்பாகச் சொல்ல முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஐப்பசி மாசம், ராத்திரி, நல்ல மழை, ஒரு டீக்கடைக்காரரை யாரோ கட்டையால் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். அரசுத் தரப்பில் முக்கியமான சாட்சி எதிர்வீட்டில் இட்லி சுட்டு விற்கிற ஒரு ஆச்சி. கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, எதிரே நிற்கிற பையனைக் கையை நீட்டிக் காட்டி, "இவன்தான்யா, எங்கண்ணால பார்த்தேன்" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நானும் அந்தப் பையன் முழியைப் பார்த்துவிட்டு, சரி, இவன்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டியே அடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அன்றைக்குக் கரண்ட் இருந்ததா? இல்லை, மழைக்கு நின்றுபோச்சு. அப்போ எப்படிப் பார்த்தீங்க? மின்னல் வெட்டுச்சு. என்ன தெரிந்தது? சிவப்புச் சட்டை. முகம்? அவன்தான்யா, எனக்குத் தெரியாதா. முகம் தெரிந்ததா ஆச்சி? ஆச்சி பேசவில்லை. அதற்கு முந்தி இந்தப் பையனோடு ஏதாவது சண்டை உண்டா? ஆமா, அவன் வீட்டு ஆடு எம் முருங்கையைத் தின்னுபோட்டு, கேட்டதுக்கு என்னை ஏசினான்.

அவ்வளவுதான். மின்னலில் ஆச்சி பார்த்தது ஒரு சிவப்புச் சட்டையை. அதற்கு மேலே ஒரு முகத்தை வைத்தது அவருடைய மனசு, முருங்கை மரத்துக் கோபம். அப்படி வைத்தது அவருக்கே தெரியாது. பொய் சொல்லவில்லை, சத்தியமாக நம்பித்தான் சொன்னார். பையனுக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்து விட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நான் சைக்கிளை எடுக்கப் போகும்போது கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஆச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சார், நான் பொய் சொல்லலையே சார், எம் மனசறியத்தானே சொன்னேன்" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் அவர் கூடச் சேர்ந்து அதே முடிவுக்கு வந்தவன்தானே. ஒருவேளை குறுக்கு விசாரணை என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், இரண்டு நல்லவர்கள் மனசறிய ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்பியிருப்போம்.

அந்தக் குறளை எடுத்து நன்றாகப் பாருங்கள். 293-வது குறள், வாய்மை அதிகாரம். 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்.' நெஞ்சு அறிவதை மறைத்துப் பொய் சொன்னால் நெஞ்சு சுடும் என்கிறது. நெஞ்சு அறியாத விஷயத்தில்? அங்கே சுடாது. குளிர்ந்துதான் கிடக்கும். நம்முடைய பெரிய பாவங்களில் முக்கால்வாசி அப்படிக் குளிர்ந்த நெஞ்சோடு செய்தவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் செய்ததையே சொல்கிறேன்.

1967-ல் நான் அஞ்சாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு வயல்வேலைக்கு வருகிற ஆட்கள் தண்ணீர் கேட்டால், வாசல்படிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் சேர்த்துக் குழியாக ஏந்துவார்கள். மேலே நின்று செம்பிலிருந்து ஊற்ற வேண்டும். செம்பு அவர்கள் கையில் படக்கூடாது. அந்த வேலையை அம்மா என்னிடம் கொடுத்திருந்தாள். நான் ஆசையாகச் செய்வேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்று வேறு சொல்லி வைத்திருந்தார்கள், அதனால் ஊற்றி முடித்ததும் மனசு நிறைந்திருக்கும். தீண்டாமையைச் சட்டம் ஒழித்து அப்போது 17 வருடம் ஆகியிருந்தது. என் மனசாட்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருநாள் என் வகுப்புப் பையன் ஒருத்தன், அந்த வேலையாட்களில் ஒருவருடைய மகன், கணக்கு நோட்டுக் கேட்டு வந்தான். வெயில். தண்ணீர் கேட்டான். நான் வழக்கம்போலச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தேன், அவனும் வழக்கம்போலக் கீழே நின்று கையை ஏந்தினான். இரண்டு பேரும் ஒன்றும் யோசிக்கவில்லை. ஊற்றினேன். குடித்துக்கொண்டே அவன் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தான். தண்ணீர் விரல் சந்தில் வழிந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தோளும் தோளும் இடிக்க உட்கார்ந்திருந்தவன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, என்னை யார் என்று பார்ப்பது போல ஒரு பார்வை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று தெரியாது. யாரும் தப்பு என்று சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, சரி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்புறம் நான் அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று அம்மாவிடம் அழுதேன். காரணம் கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

இதனால்தான் உள்ளுணர்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு முதலில் கண்ணைத் திறந்தது அதுதான். வீடு, ஊர், உறவு எல்லாம் சேர்ந்து பாடம் சொல்லிக் கொடுத்த மனசாட்சி தூங்கிக்கொண்டிருந்தபோது, காரணம் சொல்லத் தெரியாத ஒரு வயிற்றுப் பிசைவு என்னை எழுப்பியது. ஆனால் பாருங்கள், அதே உள்ளுணர்வுதான் கோர்ட்டில் ஒரு பையனுடைய முழியைப் பார்த்து 'இவன்தான்' என்றும் சொன்னது. ஒரே வயிறு, ஒரே மனசு. முதல் தடவை சொன்னது சரி, இரண்டாவது தடவை சொன்னது தப்பு. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. அதை விட்டுவிட்டு 'உள்ளுணர்வு ஏமாற்றாது' என்று சொன்னால் எப்படி?

எங்கள் அப்பா பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவும்போது பொதிகை மலைப் பக்கம் ஒருதடவை பார்ப்பார், காற்றை ஒருதடவை மோந்து பார்ப்பார், இன்றைக்கு வேண்டாம் என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுவும் உள்ளுணர்வுதான். ஆனால் அந்த உள்ளுணர்வு நாற்பது வருடம் அடிபட்டு வந்தது. அவர் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அன்றைக்குச் சாயங்காலமே மழை வந்தோ வராமலோ, நீ சொன்னது தப்பு என்று வயலில் எழுதிக் காட்டியிருக்கும். மனுஷனைப் பற்றி நாம் நினைப்பதை அப்படி யார் வந்து திருத்துகிறார்கள்? 'அந்தத் தெருக்காரன், கவனமாக இரு' என்று உள்மனசு சொன்னதும் நாம் அவனை வீட்டுக்குள் விடுவதில்லை, கடன் கொடுப்பதில்லை, பெண் கொடுப்பதில்லை, அதனால் நாம் நினைத்தது தப்பு என்று காட்டுகிற வாய்ப்பே அவனுக்குக் கிடைப்பதில்லை. நாற்பது வருடம் கழித்தும் அந்த உள்ளுணர்வு ஒரு தடவைகூடத் திருத்தப்படாமல் அப்படியே இருக்கும், நாமும் அதை அனுபவம் என்று சொல்லிக்கொள்வோம்.

எங்கள் ஊரிலிருந்து சேரன்மகாதேவி பக்கம்தான். அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வ.வே.சு. ஐயர் ஞாபகம் வரும். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், அந்த வாழ்க்கையையே தேச விடுதலைக்காகத் தள்ளிவிட்டு வந்தவர். சாதாரண மனுஷர் இல்லை. 1920-களில் சேரன்மகாதேவியில் அவர் நடத்திய குருகுலத்துக்கு எல்லாச் சாதியாரும் பணம் கொடுத்தார்கள், காங்கிரஸும் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. ஐயர் தனிப்பட்ட முறையில் அந்தப் பேதம் பார்க்காதவர் என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மீற அவருடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. 1925-ல் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது, அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள், தமிழ்நாட்டு அரசியலே அதிலிருந்து வேறு பாதையில் திரும்பியது என்று சொல்வார்கள்.

அந்த ஐயரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதே 1925 ஜூன் மாதம் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்ததும் காப்பாற்றக் குதித்து, மகளோடு சேர்ந்து செத்துப்போனவர். அப்போது வயது 44. யோசித்துச் செய்த காரியமா அது? கால் தன்னால் பாய்ந்திருக்கும். ஒரு மனுஷனுடைய உள்ளுணர்வு எவ்வளவு சுத்தமாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அவ்வளவு சுத்தமான மனசுக்கே, இரண்டு பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு கேட்ட அளவுக்கு, அடுத்த பந்தியில் உட்கார்ந்து 'அவனுக்கு மட்டும் ஏன் தனியாக' என்று பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பையன்களின் மனசு கேட்கவில்லை. வாக்குத் தவறக்கூடாது என்பது நல்ல பாடம்தான். ஆனால் யாருக்கு வாக்குக் கொடுத்தோம், யாரை விட்டுவிட்டுக் கொடுத்தோம் என்று அந்தச் சாட்சியை ஒருவர் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டிருக்காவிட்டால் அது அப்படியே நல்ல மனசாட்சியாகவே நடந்துகொண்டிருக்கும்.

நூறு வருஷத்துக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். இதே கதை எங்கள் தெருவில் போன தேர்தலில் நடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு தங்கச்சி பீடி சுற்றுகிறாள். வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பிள்ளைகள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை கை நிற்காது. பீடிக் கட்டில் ஒன்று குறைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், நூலை அவிழ்த்துத் திரும்ப எண்ணிக் கட்டுவாள், அவ்வளவு நாணயம். ஓட்டுக்கு இரண்டு நாள் முந்தி பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அவளிடம், "உனக்கு யாரைப் பிடிக்குதோ அவங்களுக்குப் போடு தாயி, உள்ளே யார் பார்க்கப் போறா" என்றேன். அவள் கை நின்றது. "அண்ணாச்சி, கை நீட்டி வாங்கியாச்சு. இனி மாத்திக் குத்தினா எம் மனசு கேக்காது. பிள்ளைய வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் அது மனசாட்சிதான். பீடியை எண்ணிக் கட்டுகிற அதே மனசாட்சி. சட்டத்தைச் சொல்லலாம், 1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் ஓட்டுக்குப் பணம் கொடுப்பது, வாங்குவது இரண்டுமே லஞ்சம் என்று இருக்கிறது. ஆனால் அவளுக்கு அந்தச் சட்டம் சொல்லி என்ன ஆகப்போகிறது, வாங்கியது தப்பு என்று அவளுக்கே தெரியும், மாற்றிப் போடுவது அதைவிடப் பெரிய தப்பு என்று அவள் மனசு சொல்கிறது. ஏழைகளுடைய நேர்மையை நம்பித்தான் அந்தப் பணமே கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மனசாட்சி இல்லை என்றால் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார்கள். நான் யோசித்து யோசித்து, "தங்கச்சி, நீ வாக்குக் கொடுத்தது யார்கிட்ட, உன் பிள்ளைகளுக்குத் தண்ணி வரணும், ரோடு வரணும்னு இருக்குல்லா, அவங்களுக்கு நீ என்ன வாக்குக் கொடுத்திருக்கே" என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசவில்லை. "அப்ப துட்டைத் திருப்பிக் கொடுக்கவா அண்ணாச்சி" என்று கேட்டாள். அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கியாகிவிட்டது. யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை, கேட்பதும் முறை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டாளே, அது எனக்குப் பெரிசு. சாட்சி கூண்டில் ஏறிவிட்டது.

சரி, எந்தச் சாட்சியை நம்புவது என்று கேட்டால், கோர்ட்டில் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்வேன். 1872-ம் வருடத்துச் சாட்சியச் சட்டம் போய் 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தும்கூட இந்த விஷயம் மாறவில்லை. ஒருத்தர் தன்னுடைய நலனுக்கு எதிராகத் தானே ஒன்றைச் சொன்னால் அதற்கு எடை அதிகம். எனக்குக் கடன் இருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்தால் நம்பலாம், எனக்கு வரவேண்டியது இருக்கிறது என்று எழுதி வைத்தால் விசாரிக்க வேண்டும். மனசுக்கும் இதுதான். என் உள்மனசு எனக்கு லாபமாக, என் சாதிக்கு லாபமாக, என் குடும்பத்துக்குச் சௌகரியமாக எதையாவது சொன்னால் நான் அதை ஒன்றுக்குப் பத்துத் தடவை கேள்வி கேட்பேன். எனக்குக் கஷ்டம் தருகிற மாதிரி, நான் கேட்க விரும்பாததைச் சொன்னால், அப்போது காதைக் கொடுப்பேன். இது எப்போதும் சரியாக வரும் என்று சொல்லவில்லை. தேவையில்லாத குற்ற உணர்ச்சியில் தன்னையே அரித்துக்கொண்டு கிடக்கிற நல்ல பெண்கள் எத்தனையோ பேரை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம், அவர்களுடைய மனசு எப்போதும் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும், அதையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மைப் போல் ஊரில் செல்வாக்கோடு இருப்பவர்களுக்கு இந்த அளவுகோல் நல்லது.

காந்தி உள்குரல் கேட்டதாகச் சொன்னாரே, அதுவும் தப்பா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். 1933 மே 8-ம் தேதி எரவாடா சிறையில் இருந்தபோது அந்தக் குரலைக் கேட்டுத்தான் 21 நாள் உண்ணாவிரதத்தை ஆரம்பித்தார், அன்றைக்கே அவரை விடுதலையும் செய்தார்கள். சுற்றி இருந்தவர்கள் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. அந்தக் குரல் உண்மையா பிரமையா என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் அது கேட்டது அவருடைய உடம்பை. பட்டினி கிட என்று அவரிடம்தான் சொன்னது, அடுத்தவனைப் பட்டினி போடு என்று சொல்லவில்லை. அதனால் எனக்கு அந்தச் சாட்சி மேல் மரியாதை இருக்கிறது.

இன்னொன்று. பயத்தையும் வெட்கத்தையும் நாம் மனசாட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கம் சண்டை வந்தால் 'சுடலை கோயில்ல வந்து சத்தியம் பண்ணு' என்பார்கள். பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுவது நல்லதுதான், ஊருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அது சாமி மேல் உள்ள பயம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பது வெட்கம். மகள் வேறு சாதியில் காதலித்தால் அப்பனுக்கு மனசு கொதிக்கிறதே, அவன் அதை மானம் என்கிறான், மனசாட்சி என்கிறான். தெருவில் நாலு பேர் இல்லை என்றால் அந்தக் கொதிப்பு இருக்குமா என்று அவன் தன்னைக் கேட்டுப் பார்க்கட்டும். நம் ஜில்லாவில் அந்தக் கொதிப்பால் செத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? கூடப் படிக்கிற பையனைச் சாதி வெறியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றைக்கு எல்லாரும் 'இந்தப் பிள்ளைகளுக்கு மனசாட்சியே இல்லையா' என்று கேட்டார்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பிறக்கும்போதே மனசாட்சி இல்லாமல் பிள்ளை பிறப்பதில்லை. அந்த வயசுக்குள் அதற்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. எனக்கு என் அம்மா செம்பைக் கொடுத்தாள், வேறொரு வீட்டில் வேறொன்றைக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டது, 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டுகிற கலர்க் கயிறு கட்டுவது, சாதி தெரிகிற மாதிரிப் பொட்டு வைப்பது இதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். உடனே 'ஒரு கயிறுதானே, இதிலே என்ன இருக்கிறது' என்று நம் ஆட்கள் பலர் பேசினார்கள். நல்லவர்கள்தான் பேசினார்கள். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது, இதிலே என்ன இருக்கிறது என்று.

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் கொடுக்கிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதற்கெல்லாம் உட்பட்டுத்தான் என்று அந்தப் பிரிவின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, ஒவ்வொருத்தர் மனசாட்சியும் தானாக மாறட்டும் என்று யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அப்படிக் காத்திருந்தால் என் அம்மாவின் மனசாட்சி மாற எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? அவள் நல்லவள். பசி என்று வந்தவரைச் சாப்பாடு போடாமல் அனுப்பியதில்லை. இலையை மட்டும் வாசலுக்கு வெளியே போடுவாள்.

கடைசியாக என் வீட்டு விஷயம், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். என் பேரன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். போன மாதம் கையில் கலர்க் கயிறோடு வந்தான். யார் கட்டினது என்று கேட்டேன். "எல்லாரும் கட்டுறாங்க தாத்தா, நமக்கு இந்தக் கலர்தானாம்" என்றான். 'நமக்கு' என்று அவன் சொன்னது எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. அத்து எறி என்று சத்தம் போட வாய் வந்தது. போட்டிருந்தால் எனக்குப் பயந்து அத்திருப்பான், பள்ளிக்கூடத்துக்குப் போய் வேறு ஒன்றைக் கட்டியிருப்பான். அதனால் உட்காரச் சொல்லி, "உன் பெஞ்சிலே வேற கலர் கட்டினவன் யாரும் உண்டா" என்று கேட்டேன். ஒரு பேரைச் சொன்னான். அவன் எப்படி என்றேன். "நல்லவன்தான் தாத்தா. கணக்கு அவன்தான் சொல்லித் தருவான். இப்போ இடம் மாறி உட்கார்ந்துட்டான்."

ஏன் மாறி உட்கார்ந்தான் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கயிற்றை மணிக்கட்டில் திருகிக்கொண்டே இருந்தான். அந்த 1967 பையன் என்னைப் பார்த்த கதையை அவனிடம் முதல்தடவையாகச் சொன்னேன், அவனுடைய அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. முழுசாகக் கேட்டான். "அப்புறம் அவங்ககிட்ட நீ மன்னிப்புக் கேட்டியா தாத்தா" என்றான். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் பிழைப்புக்காக எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டது, எங்கே என்று நானும் தேடவில்லை.

கயிறு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன், அவன் நான் பார்ப்பதைப் பார்க்கிறான். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "தாத்தா, அவனைத் திரும்ப என் பெஞ்சிலே உட்காரக் கூப்பிட்டா வருவானா" என்று கேட்டான். கேட்டுப் பாரு என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.